சிறுமாரியும் சிறுபோகமும்: வன்னிப் பெருநிலத்தின் பங்குனி–வைகாசிக் காலநிலை பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

1. முன்னுரை

தமிழ் இலக்கண மரபு ஆண்டினை ஆறு பெரும்பொழுதுகளாக வகுத்துள்ளது. ஆவணி, புரட்டாதி கார். ஐப்பசி, கார்த்திகை கூதிர். மார்கழி, தை முன்பனி. மாசி, பங்குனி பின்பனி. சித்திரை, வைகாசி இளவேனில். ஆனி, ஆடி முதுவேனில் என உரையாசிரியர்கள் மாதங்களைப் பங்கிட்டுள்ளனர். ஈழத்தின் வன்னிப் பெருநிலத்தில் நின்று இப்பகுப்பினை நோக்குவோர்க்கு அதன் பொருந்தாமை உடனே புலப்படும். கார்காலத்துக்குரிய ஆவணி, வன்னியில் குளங்கள் வற்றிக் கால்நடைகள் நீருக்கு அலையும் மாதமாகும். முல்லைக்குப் பெரும்பொழுது கார் என்பது இலக்கணம். ஆயின் காடும் காடு சார்ந்த நிலமுமாகிய வன்னியிற் பெருமழை ஐப்பசியிலேயே வலுப்பெறுகின்றது. இளவேனிலின் நிலையும் இத்தகையதே. இலக்கியத்தில் அது தளிரும் குயிலும் தென்றலும் கூடிய இனிய பொழுது. வன்னியிற் பங்குனி முதல் வைகாசி வரையான காலமோ, காலை வெயிலும் நண்பகற் புழுக்கமும் மாலை இடிமுழக்கமும், ஓர் ஊரை நனைத்து மறு ஊரை விட்டுச் செல்லும் மழையும், இறுதியில் வறண்ட சோளகக் காற்றும் ஒன்றையொன்று தொடரும் காலமாகும்.

வன்னி பற்றி இதுவரை எழுந்த வரலாற்று நூல்கள் வன்னிமைகளின் தோற்றம், பண்டாரவன்னியன் 1803 ஆம் ஆண்டிற் பிரித்தானியரை எதிர்த்துப் பொருத வரலாறு, பெருங்குளங்களின் புனரமைப்பு என்பனவற்றிலேயே பெரிதும் கருத்தைச் செலுத்தின. வேளாண்மை பற்றிப் பேசியவையும் பெருமாரியையும் காலபோகத்தையும் மையமாகக் கொண்டன. சிறுமாரியும் அதனை நம்பிய சிறுபோகமும் அடிக்குறிப்பின் அளவிலேயே நின்றுவிட்டன. இக்கட்டுரையில் நாம் அச்சிறு பருவத்தையே ஆய்வுப் பொருளாகக் கொள்கின்றோம். இம்மாதங்களின் நிலையின்மை இயற்கையின் இயல்பு; அதன் சுமையை எவர் தாங்குவது என்பதோ இயற்கையால் தீர்மானிக்கப்பட்டதன்று. அதனைத் தீர்மானித்தவை நிலவுடைமையும் நீர் உரிமையும் அரச கொள்கையும் போருமேயாம். இதனை நிறுவுவதே நமது நோக்கமாகும்.

2. இயற்கைப் பின்னணி

இலங்கை வளிமண்டலவியல் திணைக்களம் ஆண்டினை நான்கு பருவங்களாக வகுக்கின்றது. மார்ச், ஏப்ரல் மாதங்கள் முதலாவது இடைப்பருவக் காலம். மே முதல் செப்ரெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றுக் காலம். ஒக்ரோபர், நவம்பர் மாதங்கள் இரண்டாவது இடைப்பருவக் காலம். டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவக்காற்றுக் காலம். வன்னி உலர் வலயத்தைச் சார்ந்தது. ஆண்டுக்கு ஏறத்தாழ 1,200 முதல் 1,500 மில்லிமீற்றர் வரை மழை கிடைப்பினும், அதிற் பாதிக்கு மேற்பட்டது ஐப்பசிக்கும் மார்கழிக்கும் இடைப்பட்ட குறுகிய காலத்தில் வீழ்ந்துவிடுகின்றது. அதன்பின் தாழ்ந்து செல்லும் மழை சித்திரையை ஒட்டி மீண்டும் ஒரு சிறிய உச்சத்தை அடைகின்றது. வட இலங்கையில் ‘சித்திரைச் சிறுமாரி’ என வழங்குவது இதனையே.

இச்சிறுமாரியின் தோற்றுவாய் பெருமாரியின் தோற்றுவாயினின்றும் வேறானது. வடகீழ்க் காற்று ஓய்ந்து தென்மேற்குக் காற்று நிலைபெறாத இடைவேளையிற் சூரியன் வடக்கு நோக்கி நகர்கின்றது. சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாள்களில் நண்பகற் சூரியன் வன்னிக்கு நேர் உச்சியில் நிற்கும். காற்றின்றிக் காய்ந்த நிலத்தின் மேலுள்ள வளி சூடேறி மேலெழுகின்றது. கடலிலிருந்து பிற்பகலில் உட்புகும் ஈரக்காற்று அதனோடு சேர, முகில்கள் விரைவாகத் திரண்டு இடி மின்னலுடன் மழை பொழிகின்றது. புவியியலாளர் இதனை உகைப்பு மழை என்பர். பருவக்காற்று மழை நாட்கணக்காக நாடு முழுதும் பரந்து பெய்வது. உகைப்பு மழையோ சில நாழிகைகளில் சிறு பரப்பிற் கொட்டி ஓய்வது. ஓமந்தையில் வயல் நிரம்பப் பெய்த மாலையிற் புளியங்குளத்தில் ஒரு துளியும் வீழாதிருத்தல் இம்மழைக்கு இயல்பே. இலங்கையில் மின்னல் மிகுந்து உயிர்ச்சேதம் விளைக்கும் காலங்களில் இதுவும் ஒன்று என்பது குறிப்பிடத்தக்கது.

வைகாசியில் நிலைமை மாறுகின்றது. தென்மேற்குப் பருவக்காற்றுத் தன் ஈரத்தை மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவுகளில் இறக்கிவிட்டு வறண்ட காற்றாக வடக்கு, கிழக்குச் சமவெளிகளை அடைகின்றது. வடபகுதி மக்கள் சோளகம் என்று அழைக்கும் இக்காற்று வீசத் தொடங்கியதும் சிறுமாரிக்கு முடிவு வந்துவிடும். ஆழமற்று அகன்ற குளங்களிலிருந்து பெருமளவு நீர் ஆவியாகின்றது. ஆயினும் இதுவும் உறுதியான விதியன்று. மே மாதத்தில் வங்காள விரிகுடாவில் தோன்றும் தாழமுக்கங்கள் சில ஆண்டுகளில் எதிர்பாராப் பெருமழையைக் கொணர்வதுண்டு.

மண்ணின் தன்மையும் இங்குக் கருதத்தக்கது. வன்னியின் மேட்டு நிலங்களிற் பரந்துள்ள செங்கபில நிற மண் காய்ந்தால் இறுகிக் கலப்பைக்கு இடங்கொடாது. மிகையாக நனைந்தால் ஒட்டிக்கொள்ளும். உழுவதற்கு ஏற்ற ஈரப்பதம் மழையின்பின் சில நாள்களே நிற்கும். எனவே கமக்காரனுக்கு மழையின் மொத்த அளவைவிட, எந்த நாளிற் பெய்தது, அடுத்த மழை எத்தனை நாள் கழித்து வந்தது என்பவையே முதன்மையானவை. மண்ணியல் அறிஞர்கள் இலங்கையை விவசாயச் சூழலியல் வலயங்களாகப் பகுத்தபோது சராசரி மழையை விடுத்து, நான்கு ஆண்டுகளில் மூன்றிலேனும் எதிர்பார்க்கத்தக்க மழையை அளவுகோலாகக் கொண்டமை இதனாலேயாம். சராசரி மழையை நம்பி எவரும் விதைக்க முடியாது.

3. ஊர் வழக்கும் பருவமும்

இத்தகைய நிலையின்மையை வன்னிக் குடிகள் எவ்வாறு எதிர்கொண்டனர் என்பதற்கு ஊர்ப்பெயர்களே முதற் சான்றாகும். செட்டிகுளம், பாவற்குளம், கனகராயன்குளம், அக்கராயன்குளம் எனக் குளத்தாற் பெயர்பெற்றவையும், கேணி, மடு, மோட்டை எனும் ஈறுகளைக் கொண்டவையும் எண்ணிறந்தன. தண்ணிமுறிப்பு போன்ற பெயர்களில் வரும் ‘முறிப்பு’ என்னும் ஈறு குளக்கட்டு உடைந்த நிகழ்ச்சியையே நினைவூட்டுகின்றது. நீரைத் தேக்கிய வெற்றியை மட்டுமன்றித் தேக்கமுடியாமற்போன தோல்வியையும் இம்மக்கள் தம் ஊர்ப்பெயரில் எழுதி வைத்தனர் எனலாம்.

பயிர்ச்செய்கை முறையும் இதனையே காட்டுகின்றது. புரட்டாதி, ஐப்பசியில் விதைத்த காலபோக நெல் மாசியிலும் பங்குனியிலும் அறுவடையாகின்றது. வெட்டிய கதிரைச் சூடு வைத்து மாடு விட்டு மிதிக்கும் வேளையில் மழை பெய்தால் நெல் முளைகட்டும்; வைக்கோல் அழுகும். ஆனால் அதே மழை இரண்டு கிழமை பிந்தி வருமாயின் எள்ளு விதைப்புக்கு உகந்ததாகின்றது. ஒரே மழை ஒருவனது களத்தைக் கெடுத்து மற்றவனது மேட்டு நிலத்தை வாழவைப்பதும் உண்டு. எள்ளு, பயறு போன்ற பயிர்கள் சிறிது ஈரத்தையும் கொண்டு வளரத்தக்கவை. தவறினாலும் விதைச்செலவு பெரிதன்று. குளத்தில் எஞ்சிய நீருக்கு ஏற்பச் சிறுபோக நெல், மேட்டில் எள்ளும் பயறும், காட்டில் வைகாசி, ஆனியிற் பழுக்கும் பாலைப்பழமும் தேனும் எனப் பல வழிகளை ஒருங்கே கைக்கொள்வதன் மூலம் ஒன்று பொய்த்தால் மற்றொன்று காக்கும் என்ற ஏற்பாட்டினை அவர்கள் உருவாக்கியிருந்தனர். இதனை அறியாமை என்றோ பின்தங்கிய நிலை என்றோ கருதுதல் தவறு. உற்பத்திச் சாதனங்கள் குறைந்த ஒரு சமுதாயம் இடரைப் பகிர்ந்தளிக்கக் கண்ட வழிமுறை இதுவாகும்.

வழிபாட்டு நாள்களும் இப்பருவத்தோடு இணைந்துள்ளன. புளியம்பொக்கணை நாகதம்பிரான் கோயிற் பொங்கல் பங்குனி உத்தரத்தை ஒட்டியும், வற்றாப்பளை கண்ணகி அம்மன் கோயிற் பொங்கல் வைகாசியிலும் நிகழ்கின்றன. பாம்புகள் வெளிப்போந்து திரியும் வெப்பகாலத்தில் நாகதம்பிரானையும், அம்மை முதலிய நோய்கள் பரவும் காலத்திற் கண்ணகியையும் வேண்டுதல் பொருளற்ற தற்செயல் அன்று. கிழக்கிலங்கையில் வைகாசியில் நிகழும் கண்ணகி சடங்கு ‘குளிர்த்தி’ என்றே பெயர் பெற்றிருப்பது ஒப்புநோக்கத்தக்கது. காலபோக அறுவடை முடிந்து, கையில் நெல்லும் சிறிது ஓய்வும் உள்ள இக்காலத்தில், பல ஊர் மக்கள் ஓரிடத்திற் கூடினர். அக்கூட்டங்கள் வழிபாட்டோடு மழைச் செய்தியும் குளச் செய்தியும் பரிமாறப்படும் இடங்களாகவும் இருந்திருக்கும் என ஊகிக்கலாம். புத்தாண்டுப் பஞ்சாங்கங்கள் அவ்வாண்டுக்குரிய மேகாதிபதியைக் குறித்து மழைப்பலன் கூறுவதும், சித்திரையில் ஏர்பூட்ட நாள் பார்ப்பதும் இதே கவலையின் வெளிப்பாடுகளே. பலன் மெய்த்ததா என்பதினும், மழையை முன்னறிய வேண்டும் என்ற தேவை எவ்வளவு ஆழமாக இருந்தது என்பதே வரலாற்று மாணவர்க்கு முக்கியமானது.

எனினும் பழைய சமுதாயத்தை நாம் பொன்னுலகமாகக் கொள்ளுதல் ஆகாது. குள நீரில் முதற்பங்கு யாருக்கு, எவனது வயல் மதகுக்கு அண்மையது என்பவற்றைச் சாதியும் செல்வாக்கும் தீர்மானித்தன. நீர் குறைந்த ஆண்டில் முதலில் காய்ந்தவை கடை வயல்கள். அவ்வயல்களை உழுதோர் பெரும்பாலும் எளியோரே.

4. அந்நிய ஆட்சியும் சிறு பருவமும்

வன்னிமைகளிடம் திறையாக யானைகளைப் பெற்றுவந்த ஒல்லாந்தர் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் அவற்றை அடக்கி நேரடி ஆட்சியை நிறுவ முயன்றனர். அடுத்து வந்த பிரித்தானியர் வன்னியைக் காடும் காய்ச்சலும் நிறைந்த, மக்கள் தொகை அருகிய பிரதேசமாகவே நோக்கினர். 1895 ஆம் ஆண்டு வெளிவந்த ஜே. பி. லூயிஸ் அவர்களின் வன்னி மாவட்டங்கள் பற்றிய கைநூல் வன்னியின் குளங்கள், குடிகள், வழக்காறுகள் பற்றி அரிய செய்திகளைத் தருவதாகும். அந்நூலுக்கு நாம் பெரிதும் கடமைப்பட்டுள்ளோம். எனினும் ஆட்சியாளரின் பதிவுகள் வருமானத்தின் கண்கொண்டு எழுதப்பட்டவை என்பதை மறத்தலாகாது. 1892 வரை தானிய வரி நடைமுறையிலிருந்தது. வரி தரத்தக்கதும் அளக்கத்தக்கதும் காலபோக நெல்லே. சிறுமாரியை நம்பி விதைத்த எள்ளும் சாமையும் காட்டிற் சேர்த்த தேனும் ஆட்சியின் கணக்கில் வேளாண்மையாக இடம்பெறவில்லை.

மூன்று நடவடிக்கைகள் சிறு பருவத்தின் அடித்தளத்தை அசைத்தன. முதலாவது, 1832 ஆம் ஆண்டு கோல்புறூக் விதப்புரையின்படி இராசகாரிய முறை ஒழிக்கப்பட்டமை. கட்டாய ஊழியத்தின் ஒழிப்பு முற்போக்கானதே. ஆயின் ஆண்டுதோறும் குளக்கட்டைச் செப்பனிட்ட கூட்டுழைப்புக்கு மாற்று ஏற்பாடு எதுவும் செய்யப்படாது விடப்பட்டது. 1856 ஆம் ஆண்டு ஆளுநர் வார்ட் காலத்து நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம் பழைய வழக்கங்களுக்குச் சட்ட வலு அளிக்க முயன்றபோது கால் நூற்றாண்டு கழிந்துவிட்டது. இரண்டாவது, 1840 ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிகள் கட்டளைச் சட்டமும் 1897 ஆம் ஆண்டின் தரிசுநிலக் கட்டளைச் சட்டமும். உறுதிப்பத்திரம் காட்டமுடியாத காடும் தரிசும் அரசுடைமையாகக் கருதப்பட்டமையால், சேனைப் பயிர்ச்செய்கை அனுமதிக்கும் தண்டனைக்கும் உரிய செயலாயிற்று. மழை பொய்த்த ஆண்டில் மேட்டு நிலத்தை நாடும் வழி இவ்வாறு குறுகியது. மூன்றாவது, பணப்பொருளாதாரத்தின் விரிவு. வரியையும் கடனையும் பணமாகச் செலுத்தவேண்டிய கமக்காரன் அறுவடைக் காலத்திலேயே, விலை தாழ்ந்திருக்கும் மாசி, பங்குனியிலேயே, நெல்லை விற்க நேர்ந்தது. பங்குனி மழை சூட்டைக் கெடுத்த ஆண்டில் அவன் அடுத்த போகத்துக்குரிய விதைநெல்லையும் இழந்தான்.

இது வன்னிக்கு மட்டும் உரிய கதையன்று. 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவைப் பீடித்த பெரும் பஞ்சத்தை ஆராய்ந்த மைக் டேவிஸ், மழை பொய்த்தமை மட்டுமன்றி, ஏகாதிபத்திய வரியும் சந்தையுமே வறட்சியைப் பஞ்சமாக்கின என 2001 ஆம் ஆண்டில் வெளியான தம் நூலில் வாதிடுகின்றார். வன்னியில் அத்தகைய பேரழிவு நிகழ்ந்ததாக நாம் கூறவில்லை. ஆயின் காலநிலையின் நிலையின்மையைத் தாங்கும் ஆற்றல் சட்டத்தாலும் சந்தையாலும் தேய்வுற்ற முறை இரண்டிடத்தும் ஒன்றே.

காய்ச்சலையும் இங்குச் சேர்த்து நோக்கவேண்டும். சிறுமாரியின் பின் ஆறுகள் ஓட்டம் நின்று குட்டைகளாகத் தேங்கும்போது மலேரியா நுளம்பு அவற்றிற் பெருகும். உலர் வலயத்தில் மலேரியா ஆண்டுக்கு இருமுறை உச்சமுற்றது. பெருமாரியின் பின் ஒன்றும், இடைப்பருவ மழையின் பின் மற்றொன்றும் எழுந்தன. சோர்ந்த குடியானவனைச் சோம்பேறி எனக் குறித்த அதிகாரிகள் அவனது குருதியிலிருந்த நோயைக் கணக்கிற் கொள்ளவில்லை. 1940களின் பிற்பகுதியிற் டி.டி.ரி. தெளித்தல் பரவலான பின்னரே வன்னிக் குடியேற்றங்கள் நிலைகொள்ள முடிந்தது. 2016 ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது.

5. குடியேற்றங்களும் நீர்ப்பங்கும்

இருபதாம் நூற்றாண்டு வன்னியின் நீர்ப்படத்தை மாற்றியது. கனகராயன் ஆற்றை மறித்து அந்நூற்றாண்டின் முதல் இரு தசாப்தங்களிற் கட்டப்பட்ட இரணைமடுக் குளம், பின்னர் பல தடவை உயர்த்தப்பட்டு, இன்று 20,000 ஏக்கருக்கு மேற்பட்ட வயலுக்கு நீர் வழங்குகின்றது. யாழ்ப்பாணத்தின் நிலநெருக்கடிக்கும் வேலையின்மைக்கும் பரிகாரமாக 1936 ஆம் ஆண்டிற் கிளிநொச்சிக் குடியேற்றம் தொடங்கிற்று. சுதந்திரத்தின் பின் வவுனிக்குளம், முத்தையன்கட்டு முதலிய குளங்கள் புனரமைக்கப்பட்டன. முத்தையன்கட்டு, விசுவமடு ஆகிய இடங்களிற் படித்த வாலிபர் திட்டங்கள் உருவாயின. 1970 முதல் 1977 வரையான இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில் மிளகாயும் வெங்காயமும் பெருவருவாய் தந்தன. நீரிறைக்கும் இயந்திரமும் மண்ணெண்ணெயும் இருந்தால் சித்திரை மழையை எதிர்பாராது கோடையிலும் பயிரிடலாம் என்ற நம்பிக்கை அன்று பிறந்தது. 1977 இன் பின் இறக்குமதி தாராளமாக்கப்பட, அந்த நம்பிக்கை சந்தையில் ஆட்டங்கண்டது.

பெருங்குளங்களும் சிறுபோகத்தின் நிச்சயமின்மையை அகற்றவில்லை என்பது கருதத்தக்கது. காலபோகம் முடிகையிற் குளத்தில் எஞ்சும் நீர் எல்லா வயலுக்கும் போதாது. ஆகவே பங்குனி அளவிற் பயிர்ச்செய்கைக் கூட்டம் கூடி, நீர்மட்டத்தைக் கணித்து, எத்தனை ஏக்கர் விதைப்பது, எந்நாளில் துருசு திறப்பது, எத்தனை மாத நெல்லினம் இடுவது என முடிவு செய்வது வழக்கமாயிற்று. கிடைக்கும் பரப்பைக் காணியுடையோரிடையே விகிதப்படி பங்கிடுவதும் நடைமுறையாகும். இவ்வேற்பாடு, ஒரு வரையறைக்குள், நீதியானது. இடர் அனைவர்க்கும் பகிரப்படுகின்றது. 1958 ஆம் ஆண்டு பிலிப் குணவர்த்தனா கொணர்ந்த நெற்காணிச் சட்டம் குத்தகைக் கமக்காரர்க்குப் பாதுகாப்பும் பயிர்ச்செய்கைக் குழுக்களிற் பங்கும் அளிக்க முனைந்தது இவ்வழியில் ஒரு முன்னேற்றமாகும்.

ஆயின் பங்கு என்பது காணியுடையோர்க்கே. 1958, 1977, 1983 ஆம் ஆண்டுகளின் வன்செயல்களாலும், 1970களில் தோட்டப்பகுதிகளிற் பரவிய பட்டினியாலும் மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்த தமிழ்த் தொழிலாளரிற் பெரும்பாலோர் பெருங்குளங்களின் கீழ் வயல் பெறவில்லை. காட்டோரங்களிலும் மேட்டுக் காணிகளிலும் குடியமர்ந்த அவர்களுக்கு வானமே குளம். அவர்களின் குடியேற்றத்துக்கு உதவிய காந்தீயம் இயக்கத்தின் செயலாளர் டொக்டர் இராஜசுந்தரம் 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறையிற் கொல்லப்பட்டார். சிறுபோகப் பரப்புக் குறையும் ஆண்டில் வயற்காரனுக்கு விளைச்சல் குறைகின்றது. கூலிக்குச் செல்பவனுக்கோ வேலைநாளே இல்லாது போகின்றது. கூட்டத்தின் தீர்மானம் இவனது அடுப்பையும் தீர்மானிக்கின்றது. அக்கூட்டத்தில் இவனுக்கு இருக்கையில்லை. சிறுமாரியின் சமூக வரலாறு இவ்விடத்திலேயே கூர்மையடைகின்றது.

6. போரும் பருவமும்

1990 முதல் 2002 வரை வன்னியின் பெரும்பகுதி பொருளாதாரத் தடையின் கீழ் இருந்தது. எரிபொருளும் உரமும் தடுக்கப்பட, நீரிறைக்கும் இயந்திரத்தால் வெல்லப்பட்டதாகக் கருதிய கோடை மீண்டும் கோடையாயிற்று. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டு வெளியேறிய மக்களிற் பெருந்தொகையினர் அடுத்த மாதங்களில் வன்னியை அடைந்தனர். 1997 மே மாதத்தில் ‘ஜெயசிக்குறு’ நடவடிக்கை வவுனியாவுக்கு வடக்கே தொடங்கியது. விதைப்பும் அறுவடையும் மழையை மட்டுமன்றிப் போர்முனையின் நகர்வையும் பார்த்து நிகழ்ந்தன. 2002 ஏப்ரலில் ஏ–9 நெடுஞ்சாலை திறக்கப்பட்டபோது கிடைத்த ஓய்வு நீடிக்கவில்லை.

2009 ஆம் ஆண்டின் இளவேனில் வன்னி வரலாற்றில் தனித்து நிற்பது. ஜனவரித் தொடக்கத்திற் கிளிநொச்சி வீழ்ந்தது. காலபோக நெல் கதிர்முற்றிய வயல்களை விட்டு மக்கள் கிழக்கு நோக்கி நகர்ந்தனர். மாசியிலிருந்து அவர்கள் நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் இடைப்பட்ட மணற்றிட்டில், மாத்தளன், வலைஞர்மடம், முள்ளிவாய்க்கால் எனச் சுருங்கிவந்த பரப்பில் அடைபட்டனர். வெயிலிற் கொதித்த தரப்பாள் கூடாரங்களும் மழைநீர் புகுந்த பதுங்குகுழிகளும் தப்பியோரின் கூற்றுகளில் இடம்பெறுகின்றன. ஏப்ரல் 20 இல் மாத்தளன் அரண் உடைக்கப்பட்டபின் பெருந்திரளானோர் வெளியேறினர். மே 18, 19 ஆம் நாள்களிற் போர் முடிந்தது. எள்ளு விதைக்கும் சித்திரையும் வற்றாப்பளைப் பொங்கல் வரும் வைகாசியும் அவ்வாண்டில் அம்மக்களுக்கு எறிகணைகளின் மாதங்களாயின. எஞ்சியோரில் இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் முகாம்களுள், பெரும்பாலும் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில், அடைக்கப்பட்டனர். அவ்வாண்டு ஆகஸ்டில் பெய்த மழை அக்கூடாரங்களை வெள்ளக்காடாக்கியது. வடிகாலற்ற நிலத்தில் முட்கம்பிக்குள் மக்களை நிறுத்தியது மழையன்று.

2012 செப்ரெம்பரில் மெனிக் பாம் மூடப்படும்வரை மீள்குடியேற்றம் கட்டங்கட்டமாக நிகழ்ந்தது. கண்ணிவெடி அகற்றாத வயலுக்குச் சிறுமாரி பெய்தும் பயனில்லை. இராணுவத்தின் பிடியிலும் வனத் திணைக்கள எல்லைக்கற்களுக்குள்ளும் சிக்கிய காணிகளின் உரிமையாளர்க்கும் அவ்வாறே. பழைய முடிக்குரிய காணிச் சட்டத்தின் நிழல் இங்கு மீண்டும் தென்படுகின்றது.

7. அண்மைக்கால நிலைமை

2016 மே மாத நடுப்பகுதியில் வங்கக் கடலில் உருவான தாழமுக்கத்தாற் கிளிநொச்சியில் 24 மணி நேரத்தில் 350 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட மழை வீழ்ந்தது. ஆண்டு மழையின் ஏறத்தாழ நான்கிலொரு பங்கு ஒரே நாளில், அதுவும் சிறுபோகப் பயிர் வயலில் நிற்கும் வைகாசியில், கொட்டியது. அதே ஆண்டின் பெருமாரி பொய்த்து, 2016–2017 இல் நாடு பல தசாப்தங்களில் காணாத வறட்சியில் ஆழ்ந்தது. வெள்ளமும் வறட்சியும் ஒரே ஆண்டுக்குள் வந்தமை, பழைய ஏற்பாடுகள் எதிர்நோக்கும் சோதனையின் அளவைக் காட்டும்.

இரணைமடு நீர் பற்றிய விவாதமும் இப்பின்னணியிலேயே விளங்கத்தக்கது. ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியுடன் 2010 இல் வகுக்கப்பட்ட திட்டம் இக்குளத்து நீரை யாழ்ப்பாணத்துக்குக் குடிநீராக வழங்க எண்ணியது. சிறுபோகம் அழியும் எனக் கிளிநொச்சிக் கமக்காரர் எதிர்த்தனர். யாழ்ப்பாணத்து நிலத்தடி நீர் மாசுற்றது என்பதும், அங்கும் எளியோரே தாகத்துக்கு உள்ளாவர் என்பதும் மெய். ஆயினும் மிகைநீரைக் கணக்கிட்டோர் எவ்வாண்டின் கணக்கைக் கொண்டனர் என்ற கமக்காரரின் வினா நியாயமானது. சராசரி ஆண்டில் மிகையாகத் தோன்றும் நீரே மழை குன்றிய ஆண்டிற் சிறுபோகத்தின் முழு முதல். இறுதியிற் கடல்நீரை நன்னீராக்கும் மாற்றுவழி தேர்ந்தெடுக்கப்பட்டு, தாளையடியில் அமைந்த நிலையம் 2024 இல் திறக்கப்பட்டது. இவ்விவாதத்தில் வன்னியும் யாழ்ப்பாணமும் எதிரெதிராக நிறுத்தப்பட்டமை வருந்தத்தக்கது. இரு பகுதியின் உழைப்பாளரும் ஒரே வானத்தின் நிலையின்மைக்கு உட்பட்டவர்கள்.

8. முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின் மூன்று முடிவுகள் பெறப்படும். பங்குனி முதல் வைகாசி வரையான காலநிலை வன்னியில் என்றும் மாறும் இயல்பினதாகவே இருந்துள்ளது. அதற்கேற்பப் பல்வகைப் பயிரும் குளமும் காடும் சேர்ந்த வாழ்க்கை முறையொன்று உருவாயிற்று. அந்நிய ஆட்சியின் நிலச் சட்டங்களும், பணச் சந்தையும், பின்னர் போரும் அம்முறையின் மாற்று வழிகளை ஒவ்வொன்றாக அடைத்து, நிலையின்மையின் சுமையைக் காணியற்றோர்மேல் இறக்கின. நீர்ப்பங்கீடு போன்ற கூட்டு ஏற்பாடுகள் நின்றுநிலைத்த இடங்களிற் சுமை பகிரப்பட்டது. ஆயின் அவ்வேற்பாடுகளின் வாயில் காணியுடையோர்க்கே திறந்திருந்தது.

இவ்வாய்வு தொடரவேண்டுமாயின் தேவைப்படும் சான்றுகள் அரச ஆவணக் காப்பகத்தில் மட்டும் இல்லை. கமக்கார அமைப்புகளின் கூட்டக் குறிப்பேடுகள், குளத்து நீர்மட்டப் பதிவுகள், கோயிற் கணக்குகள், முதியோரின் நினைவுகள் ஆகியவையே சிறு பருவத்தின் ஆவணங்கள். போரினாலும் தொடர் இடப்பெயர்வுகளாலும் அவற்றுட் பல அழிந்தன. எஞ்சியவற்றையேனும் ஊர் ஊராகச் சென்று திரட்டுதல் நம் பல்கலைக்கழக மாணவர் மேற்கொள்ளத்தக்க பணியாகும். அவ்வாறு திரட்டும்போது வயலுடையோரிடம் மட்டுமன்றி, சிறுபோகம் சுருங்கிய ஆண்டில் எத்தனை நாள் வேலை கிடைத்தது என்பதை மேட்டுக் குடியிருப்புகளில் வாழும் கூலித் தொழிலாளரிடமும் கேட்டெழுதுதல் வேண்டும். அவர்களுக்கும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் இடமும் நிலத்திற் பங்கும் கிடைக்கும்வரை, மழை பெய்த ஆண்டும் பொய்த்த ஆண்டும் அவர்களுக்குப் பெரிதும் வேறுபட்டனவாக இரா.